வெளியே வரும் வழியை முதலில் கட்டு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். சிங்கப்பூரில் நீ குடியிருக்கும் கொண்டோவில் சோனா அறை இருக்கிறது, ருசி கண்டுவிட்டாய், அதையே பாகான் டாலாம் வீட்டின் பின்கட்டில் உன் கையாலேயே கட்டவேண்டும் என்கிறாய். "வாசலில் நின்றாலே வேர்த்து ஊத்துது, அதுக்கு ஒரு ரூம் வேறயா?" என்று உன் அம்மா சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. ஆனால் நீ கட்டப்போகும் ஒழுங்கில் எனக்குப் பெரிய மறுப்பு இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் அம்மாவின் கேள்விக்கு உன் பக்கம் நின்றே பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் வேர்ப்பது பெரிய காரியமில்லை. வேர்த்தது காய்வதில்லை என்பதுதான் நம் தொல்லை. நண்பகலில் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வை. அதே காற்றை மூடிய அறையில் 80 டிகிரிக்கு ஏற்றினால், அதிலுள்ள நீராவி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் நீராவியைத் தாங்கும் திறன் ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடுவதால், ஈரப்பதம் ஏழெட்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே கசகசவென்று ஒட்டும் பினாங்குக் காற்று உள்ளே பாலைவனக் காற்றாகிவிடும். ஃபின்லாந்துக்காரன் அந்த உலர்ந்த சூட்டில் உட்கார்ந்து, வேண்டும்போது மட்டும் கல்மேல் ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறான். 55 லட்சம் மக்கள் உள்ள அந்த நாட்டில் சுமார் 30 லட்சம் சோனாக்கள் இருப்பதாகச் சொல்வார்கள். 2020-இல் யுனெஸ்கோ அந்தச் சோனா வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, உன் ஆசையில் குற்றமில்லை.

உன் வரைபடத்துக்கு வருகிறேன். ஹீட்டர் எந்தக் கம்பெனி, எத்தனை கிலோவாட், விளக்கு என்ன நிறம், எல்லாம் இருக்கிறது. கதவு உள்பக்கம் திறக்கிறது, அதற்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டிருக்கிறாய். காற்று வெளியே போக ஓட்டை இல்லை. குளித்து முடித்தவன் எங்கே உட்காருவான் என்பதும் இல்லை. சூடு ஏற்றக் காசு கொடுத்தால் போதும், கடைக்காரன் ஹீட்டரை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவான். ஆள், காற்று, ஈரம், கசியும் கரண்ட்டு, உடம்புச் சூடு இந்த ஐந்தும் வெளியேறும் வழியைக் கட்டுகிறவன்தான் யோசிக்கவேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சோனா போன்ற ஒரு அறையின் கட்டுமானக் குறிப்பு இந்தியாவின் பழைய மருத்துவ நூலிலேயே இருக்கிறது. சரக சம்ஹிதையில் வியர்க்கவைக்கும் சிகிச்சைக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. அதில் ஜேந்தாகம் என்று ஒரு முறை. நீர்நிலைக்குப் பக்கத்தில், பதினாறு முழ அளவில், மண் பூசிய வட்ட அறை. பல சாளரங்கள். சுவரை ஒட்டி, கதவு வரைக்கும், ஒரு முழ அகலமும் ஒரு முழ உயரமும் உள்ள திண்ணை. நடுவில் ஆள் உயரத்துக்கு, பொடிப்பொடி ஓட்டைகள் வைத்த மண் அடுப்பு. அதில் கருங்காலி போன்ற விறகை எரித்து, புகை அடங்கி, சூடு மட்டும் மிஞ்சிய பிறகுதான் உடம்பில் எண்ணெய் தேய்த்தவனை உள்ளே அனுப்பவேண்டும். ஃபின்லாந்தில் இன்றைக்கும் இருக்கும் புகை சோனா இதே சூத்திரம்தான்.

அந்த நூல் உள்ளே போகிறவனுக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. மயக்கமே வந்தாலும் திண்ணையை விடாதே, திண்ணையைத் தடவிக்கொண்டே கதவுக்கு வா, திண்ணையை விட்டால் கதவு தெரியாமல் உயிரை விட்டுவிடுவாய் என்கிறது. திண்ணையைக் கதவு வரைக்கும் இழுத்துக் கட்டச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறதா? எழுதியவர் மருந்தை மட்டும் பார்க்கவில்லை, கண் இருட்டிய மனிதனின் கையையும் பார்த்திருக்கிறார். உன் வரைபடத்தில் அந்தக் கை இல்லை.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். தாழ்ப்பாள், பூட்டு, கொக்கி எதுவும் வேண்டாம். ஒரு காந்தப் பிடிப்பு போதும், தோளால் தள்ளினால் திறக்கவேண்டும். கைப்பிடி மரத்தில் இருக்கட்டும், இரும்பென்றால் தொடமுடியாது. உள்ளே ஆள் கீழே விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியே இருப்பவரால் தள்ளவே முடியாது. இது ஒன்றுக்காகவே உன் வரைபடத்தைத் திருப்பி அனுப்பலாம்.

கதவு இருந்தால் மட்டும் போதாது, எழுந்து வரும் புத்தியும் வேண்டும். ஹெய்னோலா என்ற ஃபின்லாந்து ஊரில் 1999-இலிருந்து உலக சோனா போட்டி என்று ஒன்று நடத்தினார்கள். கடைசிவரை உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குப் பரிசு. 2010 ஆகஸ்டில் 110 டிகிரியில் நடந்த இறுதிச் சுற்றில் ரஷ்யாவின் விளாடிமிர் லாடிஷென்ஸ்கி இறந்துபோனார். ஐந்து முறை பட்டம் வென்ற திமோ கௌக்கோனன் பலத்த தீக்காயத்தோடு பிழைத்தார். போட்டியும் அத்தோடு முடிந்தது. நீயும் உன் கூட்டாளிகளும் "யார் முதலில் எழுந்திருக்கிறான் பார்ப்போம்" என்று பந்தயம் கட்டும் ஆட்கள் என்பது எனக்குத் தெரியும். பீர் குடித்துவிட்டு உள்ளே போகும் பேச்சே வேண்டாம்.

காற்று. ஹீட்டருக்குப் பக்கத்தில் புதுக்காற்று உள்ளே வர ஒரு துளை, எதிர்ச் சுவரில் பலகைக்குக் கீழே பழைய காற்று போக ஒரு துளை, கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி. கூரைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை வைத்து மூடிபோடு. குளிக்கும்போது அது மூடியிருக்கும், முடிந்ததும் திற. சூடு வீணாகிறதே என்று துளைகளில் துணி அடைக்கிற புத்தி சிலருக்கு உண்டு. தலைவலியோடு வெளியே வருவார்கள்.

ஈரம்தான் நம் ஊரின் நிஜ எதிரி. குளிர் நாட்டில் எழுதிய கட்டுமானக் குறிப்புகளை அப்படியே நம்பாதே. சுவருக்கு ராக்வூல், அதன்மேல் அலுமினியத் தாள், இணைப்புகளில் அலுமினிய டேப், பிறகு ரீப்பர் அடித்துக் கொஞ்சம் காற்று இடைவெளி, கடைசியில் பலகை. இந்த அடுக்கு எங்கேயும் ஒன்றுதான். வெள்ளை ஃபோம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வைத்துவிடாதே. சோனா சூட்டில் அது இளகும், தீப்பிடித்தால் விஷப்புகை. ஃபின்லாந்தில் குளித்து முடித்த அறை தானே காய்ந்துவிடும், இங்கே காயாது. கடைசி ஆள் வெளியே வந்த பிறகும் ஹீட்டரைக் கால்மணி நேரம் ஓடவிட்டுக் கதவையும் மேல் துளையையும் திறந்துவை. இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பலகைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். மரம் எதுவும் மண்ணைத் தொடவே கூடாது, சிமெண்டு மேடை கட்டி அதன்மேல் நிறுத்து. கரையானுக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். செங்கால் உறுதிதான், கரையான் தொடாதுதான், ஆனால் கனத்த மரம் சூட்டைப் பிடித்து உட்காருகிற இடத்தைச் சுட்டுவிடும். உட்காரும் பலகைக்கு எடை குறைந்த, பிசின் இல்லாத, வெளிறிய மரம்தான் வேண்டும். வெளிநாட்டில் ஆஸ்பென், அபாச்சி, சீடார் என்று போடுகிறார்கள். நம் பக்கத்தில் பென்சில் பலகைக்குப் போகும் ஜெலுத்தோங்கும், தமிழில் ஏழிலைப்பாலை என்கிறோமே அந்தப் புலாயும் எடை குறைந்தவை. ஆனால் இரண்டும் பூச்சிக்கும் நீலப் பூஞ்சணத்துக்கும் எளிதில் இரையாகும். ஒரு துண்டு வாங்கிச் சூட்டில் வைத்துப் பார், வாசனை, பிசின், வெடிப்பு மூன்றையும் கவனி. துறைமுகம் பக்கத்திலிருந்து பழைய பேலட் கட்டைகளை அள்ளிவரலாம் என்று உன் தம்பி யோசனை சொன்னானாம். அவற்றில் முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எச்.டி. முத்திரை இருந்தாலும் அதன்மேல் எந்த நாட்டு இரசாயனம் சிந்தியது என்று யாருக்குத் தெரியும்? பழைய ரயில் கட்டை இன்னும் மோசம், கிரியோசோட் எண்ணெயில் ஊறியது. அடைத்த அறையில் 80 டிகிரி சூட்டில் அதை மூச்சாக இழுக்கப்போகிறாயா? வேண்டாம். ஹீட்டர் கல்லும் கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும்.

இப்போது கரண்ட்டு. இதில்தான் எனக்கு வாய் அதிகம், தலை நரைத்ததே ஒயர்மேன் வேலையில்தானே. நீ போட்டிருக்கும் அறை ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர், உயரம் 2.1. கொள்ளளவு 6.3 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது பொதுக்கணக்கு, ஆக 6 கிலோவாட் சரி. 230 வோல்ட்டில் அது 26 ஆம்பியர் இழுக்கும். குளியலறை வாட்டர் ஹீட்டர் 15 ஆம்பியர், ஏர்கோன் இரண்டு, அரிசிப்பானை, இஸ்திரிப்பெட்டி. நம் பழைய தரைவீட்டின் சிங்கிள் ஃபேஸ் மெயின் இதையெல்லாம் ஒரே நேரத்தில் தாங்குமா என்று பார்க்காமல் ஹீட்டர் வாங்குவது பைத்தியக்காரத்தனம். தனி சர்க்கியூட், தனி பிரேக்கர், சரியான எர்த், கரண்ட்டு கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.டி. இவை இல்லாமல் ஸ்விட்சைத் தொடாதே. வீட்டுக்கு ஓட்டும் சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. அறைக்குள் சூடு தாங்கும் சிலிகான் ஒயர் மட்டும்தான் போகவேண்டும். உள்ளே பிளக் பாயிண்ட் கூடாது. இதையெல்லாம் எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த ஒயர்மேன் செய்து கையெழுத்துப் போடவேண்டும். என் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன், அதனால் மாமன் நானே வந்தாலும் தொடமாட்டேன். பலகை அடிப்பது உன் வேலை, அதைத் தாராளமாகச் செய். பின்கட்டை நீட்டிக் கூரை போடுவதென்றால் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் அனுமதி வாங்கு. பின்சந்துப் பக்கம் ஒரு அடிகூட நீட்டாதே, போம்பா தீயணைப்பு வண்டிக்காரர்களுக்கு அந்த வழி வேண்டும்.

கடைசி வழி, உடம்புச் சூட்டுக்கு. ஃபின்லாந்துக்காரன் பனி ஏரியில் குதிக்கிறான் என்று நீயும் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஐஸ் போடப்போகிறாய். மூடாமல் விட்ட டிரம்மில் ஏடிஸ் முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்தால் 1975-ஆம் ஆண்டுப் பூச்சி அழிப்புச் சட்டத்தில் அபராதம் எழுதுவார். டிரம் வேண்டாம். சரகர் சொன்னதையே செய்: வெளியே வந்த உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதே, ஒரு முகூர்த்தம் ஆறி உட்கார், பிறகு வெதுவெதுப்பான நீரில் குளி. நம் குழாய்த் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புதானே! ஆகவே பணத்தை டிரம்மில் போடாமல், நிழலான திண்ணையிலும் ஒரு காற்றாடியிலும் போடு. என்னைக் கேட்டால் அறையைவிட அந்தத் திண்ணைதான் முக்கியம்.

இன்னொன்று. வெறும் ஜலதோஷத்துக்கும் உடம்பு வலிக்கும் இத்தனை கரண்ட்டு தேவையில்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் வேதும் ஒன்று. நொச்சி இலை போட்டுக் கொதித்த பானையை வைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து உன் பாட்டி வேது பிடிப்பாள். பக்கத்துக் கம்போங்கில் மலாய்ப் பெண்கள் பிள்ளைப்பேறுக்குப் பிறகும், கல்யாணத்துக்கு முன்பும் தங்காஸ் எடுப்பார்கள். செராய் என்ற வாசனைப்புல், எலுமிச்சை இலை, பாண்டான் கொதிக்கும் சட்டியின்மேல் ஓட்டை வைத்த முக்காலி, சுற்றிப் பாய். காசு செலவில்லாத சோனா அதுதான். கொதிநீர் கவிழாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூடு என்றால் நம் பெரியவர்கள் பலருக்குச் சம்பளத்துக்குப் பட்ட பாடாகத்தான் இருந்தது. பிறையில் 1967-இல் ஓடத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலையில், ரப்பர் மரக்கரியில் இரும்பை உருக்கிய உலைக்கு முன்னால் நின்றவர்களிடம் போய், காசு கொடுத்து வேர்க்கப் போகிறேன் என்று சொன்னால் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீ சுகத்துக்காகச் சூட்டில் உட்காரும் தலைமுறை, எனக்கு அதில் சந்தோஷமே.

ஆனால் மருந்து என்று சொல்லி அம்மாவை உள்ளே கூப்பிடாதே. 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைக் காட்டுவாய் என்று தெரியும். கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 ஆண்களை ஏறத்தாழ இருபது ஆண்டு கவனித்ததில், வாரத்தில் நான்கு முதல் ஏழு தடவை சோனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. நல்ல செய்திதான். அவர்கள் சிறுவயதிலிருந்தே பழகிய ஆண்கள். உன் அம்மா இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள், சர்க்கரையும் உண்டு. டாக்டரிடம் கேட்காமல் அவளை அந்தப் பலகையில் உட்காரவைக்காதே. நீயும் முதல் வாரங்களில் பத்து நிமிடத்துக்குமேல் இருக்காதே, தனியாக உள்ளே போகாதே, தலை சுற்றினால் அந்தக் கணமே எழுந்து வா.

தீபாவளி விடுமுறைக்கு வேலை தொடங்கவேண்டுமென்றால் இப்போதே இரண்டு காரியம் செய். கதவையும் துளைகளையும் திண்ணையையும் போட்டு வரைபடத்தை மறுபடி அனுப்பு. ஒரு நல்ல ஒயர்மேனை வீட்டுக்கு அனுப்பி மெயின் பெட்டியைப் பார்க்கச் சொல்கிறேன், செலவு உன்னுடையது. அவர் சரி என்று சொல்லும்வரை ஹீட்டருக்கு ஒரு வெள்ளிகூட முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
மாமா
பாகான் டாலாம்