மஞ்சள் கருவில் பை, வெள்ளைக் கருவில் கட்டு

மேகலா,

வேதிவினை நடத்த எவ்வளவு சிறிய பாத்திரம் போதும் என்று திருமங்கலத்திலிருந்து எழுதிக் கேட்டிருந்தாய்.

மதுரையின் இரவுக் கடைகளில் அடுக்கியிருக்கும் முட்டையிலிருந்தே தொடங்கலாம். மஞ்சள் கருவில் லெசித்தின் என்ற கொழுப்பு உண்டு. அதன் மூலக்கூறின் தலை நீரோடு சேரும், வால்கள் விலகும். நீரில் விட்டால் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, இரட்டை அடுக்குப் படலம் உருவாகித் தானே மூடிப் பையாகிவிடும். 1960-களின் நடுவில், இங்கிலாந்தின் பாப்ரகாம் ஆய்வுக்கூடத்தில் அலெக் பாங்காம் கண்டறிந்த இந்தப் பைக்கு இன்று லிப்போசோம் என்று பெயர்.

ஆனால் நீரில் பை ஓயாமல் அலையும். ஒரு நொடி முன்பு பார்த்தது எது என்று தெரியாது. அதனால் அதைக் கண்ணாடித் தகட்டில் கட்டிவைக்கிறார்கள். கட்டும் பொருளையும் முட்டையே தருகிறது! வெள்ளைக் கருவின் அவிடின் என்ற புரதம், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்தால் எளிதில் விடாது. தகட்டில் அவிடின், பையின் மேல் பயோட்டின், அவ்வளவுதான். இந்தக் கட்டினால் ஒவ்வொரு பையையும் தனி வினைக்கலமாகக் கவனிக்கலாம். அதே பையை வினைக்கு முன்னும் பின்னும் பார்க்க முடிகிறதே!

100 நானோமீட்டர் விட்டமுள்ள பையில், லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல் செறிவுள்ள கரைசலை நிரப்பினால் சுமார் 315 மூலக்கூறுகளே இருக்கும். சோதனைக் குழாய் காட்டுவது கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரியை. இங்கே ஒவ்வொரு பையும் தனித்தனியாக, ஒளிரும் சாயத்தின் உதவியால் நுண்ணோக்கியில் தெரியும்.

வினையைத் தொடங்கி வைப்பது எப்படி? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் டிமிட்ரியோஸ் ஸ்டாமு குழுவினர் 2012-ல் ஒரு வழியை வெளியிட்டார்கள். கட்டிய பைக்கு ஒரு மின்னூட்டம், மிதந்து வரும் பைக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் இணைய, உள்ளிருப்பவை கலந்துவிடும். அதற்கு முன்பே, 2004-ல், ஸ்டாமுவும் லோசான் நகர ஆய்வாளர்களும் பெரிய பைக்குள் சிறு பைகளை வைத்தார்கள். குறிப்பிட்ட வெப்பத்தில் சிறு பையின் படலம் நெகிழ, சரக்கு கசியும். டைபால்மிட்டோயில் லெசித்தின் என்ற வகை நெகிழ்வது 41 டிகிரி செல்சியஸில்; அக்னி நட்சத்திரத்தில் மதுரை தொடும் வெப்பம்தான் அது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய வேலை நடக்கிறது. புனேயின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐஐஎஸ்இஆர்) தாமஸ் புக்காடியில் குழுவினர் கண்ணாடி மேல் கொழுப்புப் படலக் குழாய்களை அமைத்து, டைனமின் என்ற புரதம் அவற்றை வெட்டுவதை நேரடியாகப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அதை நீ தேடிப் படிக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு கணக்கு: பையின் விட்டத்தைப் பாதியாக்கு. 315 மூலக்கூறுகளில் மிஞ்சுவது சுமார் 39. இன்னும் நீர்த்த கரைசலானால் பல பைகள் காலியாகவே இருக்கும். வினை நடந்த பையையும் நடக்காத பையையும் எப்படிப் பிரித்தறிவாய் என்று யோசித்து எழுது.