படத்தில் பெரிதாகும் அறை

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்குப் பிரான்சில் இன்றும் உறவுகள் உண்டு. இங்கே விற்பனைக்கு வரும் அடுக்குமாடி வீட்டை வாங்க நினைப்பவர் பாரிஸில் இருக்கலாம். அவருக்கு வீட்டை முதலில் காட்டுவது புகைப்படமே. அது உண்மையைக் காட்ட வேண்டாமா?

முதலில் ஒளியைக் கவனிப்போம். நண்பகல் வெயிலின் ஒளிர்வு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ்; அறைக்குள் சில நூறு லக்ஸ்தான். சன்னலை நேராகப் படமெடுத்தால் சன்னல் வெளுத்துப்போகும், அல்லது அறை இருண்டுவிடும். ஆகவே சன்னல் பக்கவாட்டில் அமையுமாறு நில்லுங்கள்.

அடுத்தது தொலைவு. தொலைவு கூடக்கூடப் பிம்பம் அதே விகிதத்தில் சிறுக்கும். ஒரே அளவுள்ள இரு நாற்காலிகளில் ஒன்று 1 மீட்டரிலும் மற்றது 4 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். முன்னது 4 மடங்கு பெரிதாகத் தெரியும். நாம் 2 மீட்டர் பின்வாங்கினால் தொலைவுகள் 3, 6 மீட்டர் ஆகும். வேறுபாடு 2 மடங்காகக் குறையும். கைபேசியின் அகலக்கோண லென்ஸ் அருகில் நின்றே முழு அறையையும் அடக்கிவிடுகிறது. அதனால் பின்சுவர் எங்கோ தொலைவில் இருப்பதுபோல் தோன்றி, சிறிய அறையும் கூடமாகிவிடுகிறது!

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தாலும் இதே விதிதான். சுவரின் மேற்பகுதி கேமராவுக்குத் தொலைவாகிச் சிறுக்கும். சுவர்கள் உச்சியில் நெருங்குவதாகத் தெரியும். எனவே மார்பளவு உயரத்தில் மட்டமாகப் பிடியுங்கள்.

வாசற்படி வரை பின்வாங்கிச் சாதாரண லென்ஸால் எடுங்கள். படத்தின் கீழே அறையின் நீள அகலங்களை மீட்டரில் எழுதுங்கள். படம் மயக்கினாலும் அளவுகோல் மயக்காது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்குபவருக்கு அந்த இரண்டு எண்கள் பெரிய துணை.