பாலையில் ஒரு வண்டிவீடு

பத்துக் கன்னிகைகளின் உவமையை நாமனைவரும் சிறுபிராயந்தொட்டுக் கேட்டிருக்கின்றோம். விளக்குப் பதின்மரிடத்தும் இருந்தது. கலத்தில் எண்ணெயோ ஐவரிடத்தே இருந்தது. நள்ளிரவு வருமளவும் அவரிடை வேற்றுமை புலப்படவில்லை. ஈண்டு யாம் எழுதப் புகுந்த பொருளும் அத்தகையதொரு கலத்தைப் பற்றியதே. ஆயின், அதன்கண் நிறைக்கப்படுவது எண்ணெயன்று, மின்சாரம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீடுகள் உள. அவற்றை டிரெயிலர் என்பர். கட்டிலும் அடுப்பும் குளிர்ப்பெட்டியும் நீர்த்தொட்டியும் அவற்றுள் அமைந்திருக்கும். அரிஸோனா மாகாணத்துக் குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பாலைநிலத்தில், வடபுலத்துப் பனிக்கு அஞ்சி வரும் முதியோர் பலர் பனிக்காலமெல்லாம் இவ்வண்டிவீடுகளிற் கழிக்கின்றனர். நிலம் அரசாங்கத்தினுடையது, நெடுநாட் தங்குவார்க்கென வகுத்த பகுதியில் அனுமதிச்சீட்டுப் பெற்றோர் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். மின்கம்பி மட்டும் அவ்வீடுகளுக்கு வருவதில்லை. ஆகலின் பகலில் ஞாயிற்றினின்று பெற்றதை இரவுக்குச் சேமித்தல் வேண்டும். எத்துணை, எதன்கண் என்பனவே வினா.

கலத்தை வாங்கியபின் கணக்கிடுவாரே பலர். அது கோபுரங்கட்டத் தொடங்கியபின் செலவையெண்ணியவன் கதையாக முடியும். முதியோர் இருவர் வாழும் வண்டிவீடு ஒன்றைக் கொள்வோம். 12 வோல்ட்டுக் குளிர்ப்பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 வாட்-மணி கொள்ளும். வாயு அடுப்பின் வெம்மையை வீட்டினுட் பரப்பும் விசிறி 90 வாட் வீதம் 4 மணி நேரத்துக்கு 360; விளக்கும் நீர்ப்பம்பும் 80. இனி, பெரியவருக்கு உறக்கத்தில் மூச்சடைபடும் நோயுண்டு என்க. அவர் முகத்தில் அணிந்துறங்கும் சி.பி.ஏ.பி. என்னும் காற்றுக்கருவி 40 வாட் வீதம் 8 மணிக்கு 320 கொள்ளும். ஆக 1,360 வாட்-மணி. விளக்கு அவிந்தால் இருளிற் படுத்துக் கொள்ளலாம். குளிர்ப்பெட்டி நின்றால் பால் கெடும், அவ்வளவே. பின்னிரவில் அக்காற்றுக்கருவி நிற்பதோ அங்ஙனம் பொறுத்தற்குரியதன்று.

நெடுங்காலம் வழங்கி வருவது, 1859-இல் பிரான்சு தேசத்துப் பிளாந்தே கண்ட ஈயக் கலம். 100 ஆம்பியர்-மணிக் கலம் இரண்டில் 2,400 வாட்-மணி அடங்கும் என ஏட்டளவிற் சொல்லலாம். ஆயின், பாதிக்குக் கீழே இறக்கி இறக்கிப் பயன்படுத்தின் அதன் ஆயுள் விரைந்து தேயும். ஆகவே கைக்கு எட்டுவது 1,200. வானம் ஒருநாள் முழுதும் மூடிக்கிடப்பின் 160 குறையும். இதனினும் பெருங்குற்றம் ஒன்றுளது. ஈயக் கலத்தில் இறுதிப்பகுதி மின்னேற்றம் மிக மெல்லவே நிகழும். பனிக்காலத்துக் குறும்பகல் அதற்குப் போதாது. நிரம்பாது நாள்தோறும் விடப்பட்ட கலத்தின் தகடுகளில் சல்பேட்டு உப்பு இறுகிப் படிந்து கொள்ளளவைக் குறைத்துவிடும்.

லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்டுக் கலமோ பாதி நிரம்பியிருத்தலாற் கெடுவதில்லை. 3.2 வோல்ட்டு அறை நான்கினைத் தொடுத்து 12.8 வோல்ட்டு ஆக்குவர். 100 ஆம்பியர்-மணியுடையன இரண்டில் 2,560 வாட்-மணி. அதில் ஐந்தில் நான்கு பங்கை, அஃதாவது 2,048-ஐ, அச்சமின்றி எடுக்கலாம். எடையும் ஈயக் கலத்தின் எடையிற் பாதிக்குக் குறைவு. விலை மிகுதியே, எனினும் ஈயம் சில நூறு சுற்றுக்களில் ஓய, இஃது இரண்டாயிரத்துக்கு மேலும் உழைக்கும். கைப்பேசிகளில் வழங்கும் கோபால்ட்டு வகையினும் இது தீக்கு அஞ்சாதது. பாஸ்பரஸ் ஆக்ஸிஜனை இறுகப் பற்றியிருத்தலே காரணம். இதனை 1997-இல் வெளியிட்டது டெக்சாஸில் ஜான் குடினஃப் என்பாரது ஆய்வுக்கூடம். அதற்கு முன்னர், 1980-களில், சல்பேட்டுத் தொகுதியுடைய இரும்புப் பொருள்களை அவருடன் ஆராய்ந்து இவ்வழிக்கு அடிகோலியவர், நம் தென்பாண்டிச் சீமைப்பக்கத்து அமராபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்த ஆறுமுகம் மந்திரம். 2019-இல் நோபெல் பரிசு பெற்ற குடினஃபின் சொற்பொழிவை ஸ்டாக்ஹோமில் அவர்க்காக நிகழ்த்தியவரும் இவரே. தமிழ் பயிலும் எமக்கு இச்செய்தி அளித்த உவகையை மறைக்கவொல்லாது.

நிற்க. இக்கலத்துக்கும் ஒரு பகையுண்டு, அது குளிர். வெப்பமானி 0 பாகைக்குக் கீழிறங்கியபோது மின்னேற்றின், லித்தியம் உட்புகாது கரிமுனையின் மேலே உலோகமாய்ப் படியும், அக்கேடு மீளாது. பாலைவனத்து விடியற்காலை நீருறையும் நிலையை அணுகுதலும் உண்டு. ஆதலின் குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் காவற்சுற்று அமைந்த கலத்தையே தேர்தல் வேண்டும். ஈயக் கலத்தை அதன் வாயுவுக்கு அஞ்சி வண்டியின் முன்புறத்தே வெளியில் வைப்பர். இதனை வீட்டினுள்ளே வைத்தல் நன்று.

இனிச் சூரியத் தகடு. குவார்ட்ஸைட் ஏறத்தாழ 33¾ பாகை வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் மாத நண்பகலிலும் ஞாயிறு அங்கே 33 பாகை உயரமே ஏறும். கூரைமேற் படுக்கவைத்த தகடு அக்கதிரிற் பாதியளவே பெறும். நாள் முழுவதும் விழும் ஒளியை உச்சி வெயிலாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 3 மணி நேரம். 400 வாட் தகட்டினின்று, இழப்பிற்குக் கால்பங்கு கழித்து, 900 வாட்-மணி வரும், செலவோ 1,360. அதே தகட்டைத் தென்திசை நோக்கிச் சாய்த்து நிறுத்தின் 5 மணிக்குக் குறையாது, 1,500 வரும். ஆகவே, சாய்த்தற்குரிய கால்களை வாங்குக. அன்றேல் ஏணியேற இயலாத முதுமையுடையார் 600 வாட் தகடு பரப்பிச் சற்றே சிக்கனமாய் வாழ்க. கூரையிலுள்ள காற்றுப்போக்கியின் சிறுநிழல் விழினும் வரவு பெரிதும் குன்றும். குளிர்சாதனக் கருவியை இக்கணக்கிற் சேர்க்கலாகாது. அஃது ஒன்றரை மணி நேரத்தில் சேமிப்பு முழுவதையும் விழுங்கும்.

பழைய வண்டிவீடுகளில் உள்ள சார்ஜர் 13.6 வோல்ட்டோடு அமைவது; லித்தியம் 14.4 அளவு வேண்டுமாதலின் அதனையும் மாற்றுதல் வேண்டும். வோல்ட்டளவு காட்டும் பழைய சிறுவிளக்குகளையும் நம்பலாகாது. ஈயக் கலத்தின் வோல்ட் சிறிது சிறிதாக இறங்கி இருப்பை உணர்த்தும். லித்தியமோ ஏறத்தாழ இறுதிவரை ஒரே நிலையில் நின்று, பின் திடீரென வீழும். புகுவதும் போவதுமாகிய ஆம்பியரை எண்ணிக் கழிக்கும் மீட்டர் ஒன்றைக் கலத்தின் எதிர்முனைக் கம்பியிற் பூட்டுவர். பெரியவர் முகக்கருவியை அணியுமுன் பார்க்க வேண்டுவது அம்மீட்டரையே.