முகக்கவசமும் மலைப்பயணமும்

சேலம் நகருக்கு அருகே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன்மீது ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டிற்கு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்துகள் செல்கின்றன.

2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபொழுது, பயணிகள் முகக்கவசம் அணிதல் கட்டாயமாயிற்று. அணியும் முறையை மக்கள் விரைவில் கற்றனர். கழற்றிய கவசத்தை என் செய்வது என்பதையும் கற்றல் வேண்டும் அன்றோ?

ஒருமுறை அணியும் கவசம் பருத்தித் துணியன்று. பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆயது. அது மண்ணில் எளிதில் மக்காது. பேருந்தின் சாளரத்தினின்று எறியப்படின், மழைநீர் அதனை ஓடையில் சேர்க்கும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கின்றது. ஆகவே, மலையில் எறிந்த குப்பை மலையோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழி வகுத்தது. நோயற்றோர் அணிந்த கவசத்தையும் காகிதப் பையிலிட்டு 72 மணி நேரம் வைத்தல் வேண்டும். பின்னர், பிறர் எடுத்து அணியாவண்ணம் நறுக்கி, உலர்கழிவுடன் சேர்த்தல் வேண்டும். பயணத்தின்போது ஒரு காகித உறையை உடன் கொண்டு செல்லுதல் எவர்க்கும் அரிதன்று.

இருமலும் சளியும் உற்றோர் இன்றும் கவசம் அணிவது நன்று. தம்மைக் காத்த கவசம் பிறர்க்குத் தீங்காகாமல் காப்பது அதனினும் நன்று.