குடியும் குடிசெயலும்

தமிழில் 'குடி' என்னும் சொல் இருபொருள் பயப்பது. வழிவழியாக வரும் குடும்பத்தைக் குறிப்பதும் அதுவே. கள் முதலியன அருந்துதலைக் குறிப்பதும் அதுவே. 'குடி குடியைக் கெடுக்கும்' என்னும் வழக்குமொழி இவ்விரு பொருளையும் ஓரிடத்தே நிறுத்தி நம்மை எச்சரிக்கின்றது. திருவள்ளுவனார் குடியின் கேட்டினைக் கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தும், குடும்பத்தை உயர்த்தும் நெறியினைக் குடிசெயல்வகை என்னும் 103ஆம் அதிகாரத்தும் வைத்து ஓதினார். இவ்விரண்டனையும் இணைத்து நோக்குமாறு நம்மைத் தூண்டுவது கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரத்தின் துயரம் ஆகும். குடும்பத்திற்குத் துணை செய்ய விழைவோர் முதற்கண் அக்குடும்பத்தை ஆராய்ந்தறியப் பயில வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

2024ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18, 19 ஆகிய நாட்களில் கருணாபுரத்திலும் அதனை அடுத்த இடங்களிலும் கள்ளச்சாராயம் அருந்தினோர் பலர் நோயுற்றனர். அறுபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அருந்தியோருள் பெரும்பாலோர் நாட்கூலி பெற்று வாழ்வோர். அச்சாராயத்திற் கலந்திருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. அஃது உடலினுட் புகுந்தபின் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் குருதியைக் கெடுத்துக் கண்ணின் நரம்பையும் தாக்குவது. நஞ்சு முற்றுதற்குச் சில மணி நேரம் ஆகுமாதலின், முதலில் வெறும் மயக்கம் என்றே எண்ணி வாளாவிருந்து காலங் கடந்தபின் மருத்துவமனை சேர்வது இந்நஞ்சுண்டோரிடத்து எங்கும் காணப்படுவது. உயிர் தப்பினோருள்ளும் சிலர் பார்வையிழத்தல் உண்டு.

அரசு காலந்தாழ்த்தாது உதவி அறிவித்தது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாயும், சிகிச்சை பெறுவோர்க்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும் என்றது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது நிரம்பும்வரை திங்கள்தோறும் 5,000 ரூபாயும், அவர்கள் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பு நிதியும். ஒருவரை இழந்தோர்க்கு 3 இலட்சம் ரூபாய் வைப்பு நிதியும் என வகுத்தது. பட்டப்படிப்பு முடியும்வரை கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் தானே ஏற்பதாகவும் உரைத்தது. அவ்வாண்டே மதுவிலக்குச் சட்டமும் திருத்தப்பெற்றுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது.

இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் ஒன்று சிந்திக்கற்பாலது. இவ்வுதவிகள் சாவு நேர்ந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவன. குடும்பத்தின் துன்பமோ அந்நாளில் தொடங்கியதன்று. கூலி வீடு வந்து சேராத மாலைகளிலும், தாலி அடகுக்குச் சென்ற நாளிலும், பிள்ளை பள்ளியை விட்டு வேலைக்குப் போன நாளிலும் அது தொடங்கியிருக்கும். சாவை எண்ணுதற்கு ஒரு பதிவேடு போதும். இத்துன்பத்தை அறிதற்கோ பயின்ற கண்ணும் செவியும் வேண்டும்.

இத்தகைய ஆராய்ச்சி நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராய் இருந்த கில்பர்ட் சிலேட்டர் என்பார் 1916ஆம் ஆண்டளவில் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துச் சிற்றூர்களை ஆராயச் செய்தார். அதன் பயனாக 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூல் வெளிவந்தது. அவ்வூர்களுள் ஒன்று, கள்ளக்குறிச்சியும் அந்நாளில் அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு ஆகும். அவ்வூரைப் பின்வந்த அறிஞர்கள் 1930களிலும், 1981இலும், 2008இலும் மீண்டும் ஆராய்ந்தனர். மாணவர் பங்குகொண்டு தொடங்கிய பணி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்தது மாணவராகிய நமக்குப் பெருமையும் ஊக்கமும் தருவதன்றோ?

குடியைப் பற்றிய ஆராய்ச்சியும் நமக்கு அணித்தே நிகழ்ந்தது. கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ளது சேலம் மாவட்டம். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அரசு அங்கு மதுவிலக்கைத் தொடங்கிற்று. சட்டம் செய்ததோடு அமையாது, அதன் பயன் யாதென அறியச் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் அவர்களின் மேற்பார்வையில் ஓர் ஆய்வும் நடைபெற்றது. குடிப்பழக்கமுடைய குடும்பங்களின் வரவு செலவு முன்னர் எவ்வாறு இருந்தது, பின்னர் எவ்வாறு மாறிற்று என்று அவ்வாய்வு வினவியது. கள்ளுக்குச் சென்ற காசு உணவிற்கும் உடைக்கும் திரும்பியதை அது எடுத்துக்காட்டிற்று. மதுவிலக்குக் கொள்கை பின்னர்ப் பல மாற்றங்களை அடைந்தது; 1948இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்த்தப்பட்டது. அக்கொள்கை பற்றி எவர் எக்கருத்துக் கொள்ளினும், அதனைக் குடும்பத்தின் அடுப்பங்கரையிற் சென்று அளந்து பார்த்த முறை போற்றற்குரியது.

அளக்கும் முறையைச் சிறிது விளக்குவோம். கற்பனையாக ஒரு குடும்பத்தைக் கொள்க. நாட்கூலி 600 ரூபாய். வாரத்தில் 5 நாள் வேலை. வரவு 3,000 ரூபாய். தலைவன் நாள்தோறும் 150 ரூபாய்க்குக் குடிப்பானாயின் வாரத்திற்கு 1,050 ரூபாய் போக, எஞ்சுவது 1,950. ஐவர் உள்ள வீட்டில் இது தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 56 ரூபாய் ஆகும். குடியின் அயர்வால் ஒருநாள் வேலை தவறுமாயின் எஞ்சுவது 1,350. தலைக்கு 39 ரூபாய்க்கும் குறைவு. வீட்டு வாடகை, கடனுக்கு வட்டி, பிள்ளைகளின் செலவு யாவும் இதனுள்ளேயே அடங்க வேண்டும். ஆதலின் 'குடிக்கு எவ்வளவு செலவாகிறது?' என்று மட்டும் கேட்பவன் பாதியே அறிவான். 'வேலை தவறிய நாள் எத்தனை?' என்றும் கேட்பவனே முழுதும் அறிவான்.

யாரைக் கேட்பது என்பதும் பெரியதொரு வினாவாம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் உடைய ஆடவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மது அருந்துபவர். மகளிருள்ளோ நூற்றுவரில் ஒருவரும் இலர். எனவே குடிப்போர் ஆடவர். கணக்கை ஈடுகட்டுவோர் மகளிர். கணவன் முன்னிலையில் மனைவியை வினவினால் அவள் உள்ளதை உரையாள். குடிசெயல்வகையில் வள்ளுவனார், தன் குடும்பத்திற்குத் தீங்கு வாராமல் மறைத்துக் காப்பவனுடைய உடம்பு துன்பத்திற்கே கொள்கலமோ என இரங்கி வினவுகின்றார். அக்குறள் ஆடவனை நோக்கி எழுந்ததாயினும், இன்று அது பல வீடுகளில் மகளிர்க்கே பொருந்துவதாயிற்று. அத்தகையவளிடம் தனித்தும், பணிந்தும், சொன்னது வெளிப்படாது என்னும் உறுதி அளித்தும் வினவுதல் ஒரு கலை. அது பயிற்சியால் வருவது.

அப்பயிற்சிக்கும் நம் நாட்டில் நிலையங்கள் உள. அமெரிக்க மிஷனரியாகிய கிளிஃபர்டு மான்ஷார்ட் என்பார் முதல்வராயிருக்க, 1936இல் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா பெயரால் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்கள் சமூகப்பணிப் பள்ளி கண்டார். குடிநோயைக் குடும்பத்தோடு வைத்துத் தீர்க்கும் முறைக்குச் சான்றாவது, 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். அங்கே குடித்தவர்க்கு மட்டுமன்றி மனைவி மக்களுக்கும் தனியே அறிவுரையும் ஆறுதலும் அளிக்கப்பட்டன. நகரத்திற்கு வர இயலாதோர்பொருட்டுத் திருவாரூர்ப் பகுதியின் மஞ்சக்குடியில் ஊர்மக்கள் துணையுடன் சிகிச்சை முகாம்களும் நடைபெற்றன. குடியை விட்டவன் திரும்பிச் செல்வது தன் வீட்டிற்கே. அவ்வீடு ஆயத்தமாக இல்லையேல் மருந்தின் பயன் நிலையாது என்னும் அறிவே இம்முறையின் அடிப்படை.

ஆராய்ச்சியும் பயிற்சியும் சேர்ந்து கொள்கையாகக் கனிய வேண்டும். வீட்டுக்கு வரும் பணம் யார் கையிற் சேர்கிறது என்பது அறிந்தால், உதவித்தொகையை யார் பெயரில் வழங்குவது என்பது தெளிவாகும். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டரசு குடும்பத் தலைவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது இந்நெறியிற்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் திங்கள்தோறும் 2,000 ரூபாய் வழங்கும் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. இவற்றின் பயனைச் சேலத்திற் செய்ததுபோல வீடுதோறும் சென்று அளப்பதே அடுத்து வேண்டுவது. வைப்பு நிதி பதினெட்டாம் வயதில் ஒரு பிள்ளையின் கையில் வரும்போது அதனை ஆளும் அறிவு அப்பிள்ளைக்கு உண்டா? கண்ணிழந்து பிழைத்தவன் என்ன தொழில் செய்வான்? கைம்பெண் கையிற் சேர்ந்த தொகை பழங்கடனுக்குப் போயிற்றா, பிள்ளைகளுக்கு நின்றதா? இவ்வினாக்களை ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் பத்தாண்டிலும் திரும்பத் திரும்பச் சென்று கேட்டாலன்றி விடை கிடையாது.

மாணவ நண்பர்காள்! நம்முள் இலக்கியம் பயில்வோரும் உளர். பொருளாதாரமும் அறிவியலும் பயில்வோரும் உளர். 1916இல் சென்ற மாணவரிடம் இருந்தவை ஒரு வினாப்பட்டியலும், ஊரவர் மொழியும், பொறுமையுமே. அம்மூன்றும் நம்மிடமும் உள்ளன. விடுமுறையில் நாம் நம் ஊர்க்குச் செல்லுங்கால், ஆசிரியர் வழிகாட்டத் தத்தம் தெருவில் ஐந்து வீடுகளின் வரவுசெலவை அவர் இசைவுடன் எழுதிப் பழகுவோமாக. பெயரை மறைத்து உண்மையை மட்டும் குறிப்போமாக. மறு ஆண்டும் அவ்வீடுகளுக்கே செல்வோமாக. கருணாபுரத்தில் மாண்டோரை மீட்க நம்மால் ஆகாது. ஆயினும் இன்னொரு தெருவில் ஒரு குடும்பம் சாயத் தொடங்குவதைச் சாவுக்கு முன்னரே கண்டுரைக்க ஆகும். அதுவே இக்காலத்துக் குடிசெயல்வகை என்க.