ஹோமோன் சோதனைக்குக் காசு கட்டுமுன்...



ஒருநாள் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஓர் அக்கா என்னிடம் வந்தார். வயது 48. கையில் ஒரு கவர். "மிஸ், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். டவுனில் ஒரு தனியார் இடத்தில் எடுத்த ஹோமோன் ரிப்போர்ட். அதற்காகத் தோட்டை அடகு வைத்திருக்கிறார். "மாசம் நிக்கிற காலம்னு சொல்லிட்டாங்க. அப்ப நான் படுறதெல்லாம் அப்படித்தானே மிஸ்?" என்று கேட்டார்.

என்ன படுகிறீர்கள் என்று விசாரித்தேன். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இரத்தம் போகிறதாம். மலை ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். கிலோ எடுக்க முடியாமல் அரைப்பேர் விழுகிறதாம். முகமும் வெளிறிப் போயிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரத்தம் மிகக் குறைவு, கர்ப்பப்பையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். நல்ல காலம், புற்றுநோய் இல்லை. சிகிச்சை நடக்கிறது.

அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வேண்டிய சோதனை அது அல்ல.

மாதவிடாய் எப்போது நிற்கும்?

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள். அதற்குச் சில வருடங்கள் முன்பே மாதக் கணக்கு தப்பும். திடீரென உடம்பு சுடும், இரவில் வியர்க்கும், தூக்கம் கெடும், சட்டென்று கோபம் வரும். தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்லலாம். பிள்ளை வேண்டாம் என்று ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் இதே வயதில்தான் நிற்கும்.

ஹோமோன் சோதனை எதைக் காட்டும்?

மூளைக்குக் கீழே உள்ள ஒரு சுரப்பி, சூலகத்துக்கு 'வேலை செய்' என்று எஃப்.எஸ்.எச். என்ற ஹோமோனை அனுப்புகிறது. சூலகம் களைத்துப்போனால் கட்டளை கூடும். வேலை மந்தமானால் கங்காணி சத்தம் கூட்டுவது மாதிரி. ஆனால் இந்த வயதில் சூலகம் ஒரு மாதம் வேலை செய்யும், மறு மாதம் செய்யாது. அளவும் ஏறி இறங்கும். ஒருநாள் எடுத்த இரத்தத்தை வைத்து முடிவு சொல்ல இயலாது. ஆகவே 45 வயதுக்கு மேல் வழக்கமான அறிகுறிகள் இருந்தால், வயதையும் மாதக் கணக்கையும் கேட்டே டொக்டர் புரிந்துகொள்வார்.

யாருக்கு அது தேவை?

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்குக் கட்டாயம் தேவை. 40க்கும் 45க்கும் இடையில் அறிகுறி வந்தால் டொக்டர் எழுதிக் கொடுக்கலாம். சில வாரம் விட்டு இரண்டாம் முறையும் எடுப்பார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாவித்தாலும் ஊசி போட்டாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியாலேயே மாதவிடாய் நிற்பதுண்டு.

மற்றவர்களுக்கு எவை உதவும்?

1. இரத்தத்தின் அளவு. களைப்புக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.
2. பிரஷர், சீனி.
3. தைரொயிட். இது கெட்டாலும் களைப்பு, வியர்வை, மாதக் கணக்கு தப்புதல் வரும்.
4. கர்ப்பச் சோதனை. "இந்த வயசுல எங்க" என்று விட்டுவிடாதீர்கள்.
5. மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை.

1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்கில் இவற்றில் பலவற்றைக் காசு இல்லாமல் பார்க்கிறார்கள். 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைக்கிறார்கள். நாளை மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

இவற்றுக்குத் தாமதிக்க வேண்டாம்

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் டொக்டரிடம் போங்கள். மணிக்கொரு துணி நனைந்தாலும், கட்டி கட்டியாகப் போனாலும், உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் அப்படியே.

வீட்டில் செய்யக்கூடியவை

சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். கீரை, பருப்போடு தேசிக்காய்ப் புளி சேருங்கள். எலும்புக்கு முள்ளோடு நெத்தலி, பால் நல்லது. மாதவிடாய் வந்த தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். டொக்டருக்கு அந்தக் கணக்கு பெரிய உதவி. சூடும் வியர்வையும் தாங்க முடியாவிட்டால் மருந்து உண்டு, கேளுங்கள். யாரோ கொடுத்த ஹோமோன் மாத்திரையை மட்டும் விழுங்க வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா, மனைவி களைத்து உட்கார்ந்தால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். கிளினிக் நாளில் ஒரு பேர் போனாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு போங்கள். இழந்த பேரைத் திரும்ப எடுக்கலாம். இழந்த ஆளை எடுக்க முடியாது.