பழைய லேப்டாப்பும் ஒரு சீரியல் கேபிளும்



"இந்த லேப்டாப்ப பழைய இரும்புக்குப் போடப் போறேன். உனக்கு வேணுமா தம்பி?" என்று புக்கிட் செந்தோசாவில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் கேட்டார். விண்டோஸ் 98 ஓடும் கனமான பெட்டி. பேட்டரி செத்துவிட்டது. ஆனால் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் இருந்தது. "குடுங்க அங்கிள்" என்று உடனே வாங்கிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அதுதான் என் மானத்தைக் காப்பாற்றியது. எங்கள் எஸ்பிஎம் டியூஷன் வகுப்புக்கு ஒரு சின்ன லினக்ஸ் சர்வர் உண்டு. பாடக் குறிப்பு, பழைய கேள்வித்தாள் எல்லாம் அதில்தான். ஒரு நாள் இரவு வீட்டிலிருந்தபடி ஃபயர்வால் விதியை மாற்றினேன். ஒரு வரி தப்பு. நெட்வொர்க் வழியாக யாருமே உள்ளே போக முடியவில்லை, நானும் சேர்த்துத்தான். மறுநாள் வகுப்பு. திரையைச் செருகலாம் என்றால் அந்தப் பெட்டியில் அதற்கு இடமே இல்லை, ஒரு சீரியல் போர்ட் மட்டும்தான். அப்போதுதான் அங்கிளின் லேப்டாப் ஞாபகம் வந்தது.

டெர்மினல் என்றால் என்ன?

முன்பெல்லாம் ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்து வேலை செய்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது திரையும் விசைப்பலகையும் மட்டுமே. அதுதான் டெர்மினல். 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 அதில் புகழ்பெற்றது. நம் பழைய லேப்டாப்பில் உள்ள ஹைப்பர்டெர்மினல் நிரல் அந்த விடி100 போலவே நடிக்கும். கணக்கு போடுவது சர்வர். லேப்டாப் காட்டுவதும் தட்டுவதும் மட்டும். அதனால் எவ்வளவு பழசாக இருந்தாலும் போதும்.

முதல் படி: கேபிள்

ஆர்எஸ்-232 என்னும் இந்தத் தரம் 1960இல் வந்தது. கணினியின் ஒன்பது ஊசியில் நமக்கு மூன்று போதும்: 2 கேட்பது, 3 பேசுவது, 5 தரைக்கம்பி. இரண்டு கணினியை நேராக இணைத்தால் வாயும் வாயும் சேர்ந்துவிடும், காதும் காதும் சேர்ந்துவிடும். அதனால் ஒரு முனையின் 2 மறு முனையின் 3க்குப் போகிற குறுக்குக் கேபிள் வேண்டும். கடையில் 'நல் மோடம்' கேபிள் என்று கேளுங்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. மல்ட்டிமீட்டரை வைத்து 2க்கும் 3க்கும் 'பீப்' வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ராஸ்ப்பெரி பை போன்ற சிறு போர்டுகளின் ஊசி 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஆர்எஸ்-232இல் கூட்டல், கழித்தல் 15 வோல்ட் வரை வரலாம். நேராகச் செருகினால் போர்டு கருகிவிடும். நடுவே மாற்றி வேண்டும்.

இரண்டாம் படி: இரு பக்கமும் ஒரே பேச்சு

வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. ஃப்ளோ கன்ட்ரோல் 'இல்லை'.

கடைசி வரியில்தான் நான் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன். ஹைப்பர்டெர்மினல் தானாகவே 'ஹார்ட்வேர்' என்று வைத்துக்கொள்ளும். மூன்று கம்பிக் கேபிளில் அந்தச் சைகைக்கு வழியில்லை. லாகின் வரி தெரியுது, தட்டினா ஒண்ணுமே போகல!

அறிகுறியை வைத்து நோயைப் பிடிக்கலாம். ஒன்றுமே வரவில்லையா? கேபிளைப் பாருங்கள். கிறுக்கல் வருகிறதா? வேகத்தைப் பாருங்கள். வருகிறது, போகவில்லையா? ஃப்ளோ கன்ட்ரோலைப் பாருங்கள்.

மூன்றாம் படி: சர்வரில் கதவு

சீரியல் போர்ட்டில் லாகின் கேட்க 'கெட்டி' என்னும் நிரல் ஓட வேண்டும். இன்றைய லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்கான சீரியல் கெட்டி சேவையை ஒரு முறை இயக்கி, பெட்டி தொடங்கும்போதெல்லாம் ஓடும்படி வைத்தால் போதும். இதைக் கெட்ட நாள் வரும் முன்பே செய்ய வேண்டும். எங்கள் சர்வரை அமைத்த அண்ணன் செய்து வைத்திருந்தார். "எதுக்குண்ணே இது?" என்று அன்று கேட்டவன் நான்தான்.

உள்ளே போனேன், தப்பான வரியை எடுத்தேன், சர்வர் திரும்பியது.

நான் செய்யவிருந்த இன்னொரு தப்பு

பட்டியலில் ஒரு ஃபோல்டரின் பெயர் வெறும் கிறுக்கலாக இருந்தது. மற்ற வரியெல்லாம் தெளிவு. "கெட்டுப்போச்சு போல" என்று அழிக்கப் போனேன். நல்லவேளை, முதலில் திறந்து பார்த்தேன். தமிழ் இலக்கியக் குறிப்புகள்!

காரணம் இதுதான். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, மொத்தம் 15 பைட். கேபிள் அத்தனையையும் சரியாகத்தான் கொண்டு வந்தது. பழைய டெர்மினல் ஒரு பைட்டை ஒரு எழுத்தாக எண்ணுவதால் 15 கிறுக்கல் தெரிந்தது. குறை எழுத்தில் இல்லை, படிக்கிற கண்ணில்.

இந்தப் பாடம் பழசு இல்லை. பெரிய ரவுட்டர், சுவிட்ச் பலவற்றில் இன்றும் கன்சோல் போர்ட் இருக்கிறது. நெட்வொர்க் வேலைக்குப் போனால் முதல் நாளே இது கைகொடுக்கும்.

குழுவாகச் செய்து பாருங்கள்

1. ஒரு எழுத்துக்கு 10 பிட் என்றால், 9600 வேகத்தில் நொடிக்கு எத்தனை எழுத்து? 80 பத்தியும் 24 வரியும் கொண்ட திரை நிரம்ப எத்தனை நொடி?

2. உங்கள் பெயர் யூடிஎஃப்-8இல் எத்தனை பைட்?

3. உங்கள் வீட்டில் பழைய இரும்புக்குப் போகக் காத்திருக்கும் பெட்டி எது? அதன் பின்பக்கத்தை முதலில் பாருங்கள்.